பாத்திரம் பதித்த வெளிச் சமையலறை: கொப்பரையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: வீட்டுக்கு வெளியே கல் மேடை போட்டு ஒரு சமையலறை அமைக்க வேண்டும். 50 செ.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்புக் கொப்பரை ஒன்றை மேடையிலேயே பதிக்க வேண்டும். ஆட்கள் கூடும் நாளில் நாற்பது பேருக்குச் சமைப்போம். விறகு போதுமா, கேஸ் வேண்டுமா? கிரானைட்டில் வட்டமாக வெட்டி, பாத்திரத்தை இறக்கி, சுற்றிலும் சிமென்ட் பூசிவிடலாமா?

சிமென்ட் பூசுவதை மட்டும் செய்யாதீர்கள். மற்ற எதில் பிசகினாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த மேடையை இடிக்க வேண்டியிருக்கும். பாத்திரம் மேடையில் அசையாமல் உட்கார வேண்டும், ஆனால் இரண்டு பேர் பிடித்தால் வெளியே வர வேண்டும். பதித்த அடுப்பில் நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்புறம், வேலையின் வரிசை. பெரும்பாலும் முதலில் மேடையை வரைகிறார்கள், பிறகு அலமாரி, சிங்க். கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டு, பாத்திரம் இங்கே என்கிறார்கள். அப்படி வரைந்த சமையலறையில் புகை சமைப்பவர் முகத்தில் அடிக்கும், குனிந்து குனிந்து இடுப்பு ஒடியும். பாத்திரத்தின் அளவுதான் எரியறையின் அளவைச் சொல்கிறது. எரியறையை வைத்து அடுப்பின் உயரமும் புகைபோக்கியின் குறுக்களவும் வருகின்றன. விறகு போடும் வாய் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று தெரியும். மேடை கடைசியில்தான்.

அதனால் பாத்திரத்திலிருந்தே தொடங்குவோம். உங்கள் கொப்பரை அரைக்கோள வடிவம் என்று வைத்துக்கொண்டால், 50 செ.மீ. விட்டத்துக்கு விளிம்பு வரை சுமார் 32 லிட்டர் பிடிக்கும். கிளறவும் பொங்கவும் இடம் வேண்டும் என்பதால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆக, கையில் இருப்பது 21, 22 லிட்டர். ஒருவருக்கு அரை லிட்டர் என்று பார்த்தால் நாற்பது பேருக்கு 20 லிட்டர். உங்கள் தேர்வு சரியாகப் பொருந்துகிறது. இதே கணக்கில் 40 செ.மீ. பாத்திரம் 16 லிட்டர் சொச்சம், 60 செ.மீ. என்றால் 56 லிட்டர். விட்டம் கொஞ்சம் கூடினாலும் கொள்ளளவு எகிறிவிடும். எப்போதோ வரும் பெரிய கூட்டத்தை நினைத்து 60 செ.மீ. வாங்கிவிட்டால், மற்ற நாளெல்லாம் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும் சமையலைச் சுற்றி வெறும் இரும்புச் சுவர் காய்ந்துகொண்டிருக்கும். அந்தச் சுவரில் தெறிப்பதெல்லாம் கருகும். வழக்கமாக எத்தனை பேரோ அவர்களுக்குத்தான் பாத்திரம் எடுக்க வேண்டும்.

வார்ப்பிரும்பு நல்ல தேர்வு. சூட்டை மெதுவாக வாங்கி நெடுநேரம் வைத்திருக்கும், விறகுத் தீயின் ஏற்ற இறக்கத்தை உள்ளே காட்டாது. அதன் பலவீனம், அது உடையும். காய்ந்து கிடக்கும் வெறும் கொப்பரையில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடலாம். புளிப்பானதை நெடுநேரம் வைத்தால் இரும்பின் சுவை இறங்கும். அலுமினியம் லேசானது, ஆனால் 660 டிகிரியிலேயே உருகிவிடும். நல்ல விறகுத் தீயின் சூடு அதைத் தாண்டியது என்பதால், வெறும் அலுமினியப் பாத்திரத்தைத் தீமேல் மறந்துவிடக் கூடாது. வெள்ளீயம் பூசிய செம்பிலும் இதே கவனம் வேண்டும், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். துருப்பிடிக்காத எஃகு தேய்த்துக் கழுவச் சுலபம், ஆனால் தகடு மெல்லிசாக இருந்தால் தீ படும் இடத்தில் மட்டும் அடிப்பிடிக்கும்.

சரி, ஏன் சிமென்ட் கூடாது? முதல் காரணம், இரும்பு சூட்டில் விரியும். 50 செ.மீ. வார்ப்பிரும்பு 300 டிகிரி ஏறினால் விட்டத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை கூடும். செங்கல் அதில் பாதி அளவுதான் விரியும். இறுக்கிப் பூசினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும்: ஒன்று பூச்சு வெடிக்கும், இல்லையென்றால் பாத்திரம். இரண்டாவது, சாதாரண சிமென்ட்டே சூட்டுக்கானது இல்லை. 400 டிகிரியைத் தாண்டியதும் அதிலுள்ள சுண்ணாம்புச் சேர்மம் சிதையத் தொடங்கும், கலவை பொடிப்பொடியாக உதிரும். மூன்றாவது, சுத்தம். உள்ளே கழுவிய தண்ணீரை எடுத்தாக வேண்டும். வெளியே ஒட்டும் கரியைத் தேய்த்தாக வேண்டும், கரி தடித்தால் சூடு உள்ளே ஏறாது. பூட்டிவைத்த பாத்திரத்தில் இது எதுவும் நடக்காது. 6 மி.மீ. தடிமனுள்ள 50 செ.மீ. கொப்பரை வெறுமனே சுமார் 17 கிலோ இருக்கும். இருபுறமும் காது இருந்தால் இரண்டு பேர் அலட்டாமல் தூக்கலாம். உள்ளே சமைத்தது இருந்தால் 40 கிலோ வரும், அதைச் சூட்டோடு தூக்குவதை நினைத்தே பார்க்க வேண்டாம். அப்படியே விட்டு முகந்து பரிமாறுங்கள்.

பாத்திரத்தை எப்படி உட்கார வைப்பது? ஒரு இரும்பு வளையத்தில் சொருகிவிடுவதுதான் பார்க்க எளிது. ஆனால் அரைக்கோளத்தின் மேல்பகுதி கிட்டத்தட்ட செங்குத்தானது. அங்கே வளையம் போட்டால் பாத்திரம் ஆப்பு இறங்குவதுபோல் இறுகி, விரியும்போது இன்னும் இறுகி, ஆறிய பிறகும் வர மறுக்கும். அதனால் பாரத்தைத் தாங்குவதையும் புகையை அடைப்பதையும் தனித்தனி வேலையாகப் பிரித்துவிடுங்கள். எரியறைச் சுவரிலிருந்து தீச்செங்கல் துண்டுகள் மூன்றை உள்பக்கம் நீட்டி, சம இடைவெளியில் தாங்கலாக வையுங்கள். பாத்திரம் அந்த மூன்றின் மேல் உட்காரும். மூன்று புள்ளியில் நிற்பது ஆடாது. தரை கொஞ்சம் இறங்கினாலும் ஆடாது. மேலே வரும் இரும்பு வளையம் பாரம் தாங்க வேண்டாம், புகையை அடைத்தால் போதும். வளையத்துக்கும் பாத்திரத்துக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. விட்டு, அதில் செராமிக் ஃபைபர் கயிற்றைச் சுற்றி அமுக்கிவிடுங்கள். அது நசுங்கிக் கொடுக்கும், தீயையும் தாங்கும். கயிற்றை வெட்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அதன் இழை தொண்டையையும் கண்ணையும் அரிக்கும். பழைய கட்டுமானங்களில் இதற்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இருக்கும். யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது புற்றுநோய் தரும் பொருள்.

வளையம் பாத்திரத்தின் விளிம்பிலேயே வர வேண்டியதில்லை. விளிம்புக்கு 6, 7 செ.மீ. கீழே வரட்டும். அப்போது பாத்திரத்தின் மேல்பட்டை தீக்கு வெளியே இருக்கும். காதுகள் அவ்வளவாகக் கொதிக்காது, சமையலின் மட்டத்துக்கு மேலே தெறிப்பது கருகாது. பொங்கி வழிந்தாலும் வெளிப்பக்கமாக இறங்கி வளையத்தின் மேல்தான் விழும். வளையத்தை வெளிப்புறம் லேசாகச் சரித்துவிட்டால் கயிற்றில் ஊறாது.

இப்போது தீ. புகை குறைவாக, விறகு சிக்கனமாக எரிய வேண்டும் என்றால் இரண்டு விஷயம் நடக்க வேண்டும்: விறகிலிருந்து வரும் வாயு முழுதாக எரிய வேண்டும், எரிந்த சூடு பாத்திரத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். தீ நாக்கு முழுதாக எரியுமுன் குளிர்ந்த இரும்பில் முட்டினால் அங்கேயே அணைந்து கரியாகிவிடும். அதனால் கம்பித் தட்டுக்கும் பாத்திரத்தின் அடிக்கும் இடையே உங்கள் அளவுக்கு 20 முதல் 25 செ.மீ. விடுங்கள். தணலில் மட்டும் சமைப்பவர்கள் அதைக் குறைத்துக்கொள்ளலாம். விறகு தரையில் கிடந்து எரியக் கூடாது, கம்பித் தட்டின் மேல் எரிய வேண்டும். தட்டுக்குக் கீழே சாம்பல் குழி. அதன் கதவைத் திறந்து மூடுவதுதான் உங்கள் தீயின் திருகு, காற்று கீழிருந்து வந்து தணலின் ஊடே ஏற வேண்டும்.

பாத்திரத்துக்கும் எரியறைச் சுவருக்கும் இடையே விடும் சந்துதான் இந்த அடுப்பின் உயிர். குறைந்த விறகில் அதிகம் புகையாமல் எரியும் ராக்கெட் அடுப்பு என்று சொல்கிறார்களே, அதன் வடிவமைப்பு விதிகளை 1980களில் லாரி வினியார்ஸ்கி என்ற பொறியாளர் வகுத்தார். அவற்றில் ஒன்று இங்கே அப்படியே உதவும்: காற்று நுழையும் வாயிலிருந்து புகைபோக்கி வரை, வாயு போகும் பாதையின் குறுக்குப் பரப்பு ஒரே அளவில் இருக்க வேண்டும். எங்காவது குறுகினால் அங்கே மூச்சு முட்டிப் புகை வாய்வழியே திரும்பும். எங்காவது அகன்றால் சூடான வாயு பாத்திரத்தைத் தொடாமலே ஓடிவிடும்.

உங்கள் அளவில் போட்டுப் பார்ப்போம். விறகு போடும் வாய் 16 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் என்றால் பரப்பு 320 சதுர செ.மீ. பாத்திரத்தின் சுற்றளவு 157 செ.மீ. வகுத்தால் 2 செ.மீ. சந்து வருகிறது. 20 செ.மீ. விட்டமுள்ள வட்டக் குழாயின் பரப்பு 314. ஆக, புகைபோக்கி 20 செ.மீ. குழாய். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கீழே போகப் போகப் பாத்திரத்தின் சுற்றளவு குறையும், அங்கே சந்து அகலமாக வேண்டும். அடிப்பக்கம் மூன்றரை செ.மீ. அளவில் தொடங்கி மேலே 2 செ.மீ. வரை ஒடுங்குவதுபோல் சுவரை வளைத்துக் கட்டச் சொல்லுங்கள். கொத்தனார் நேர்ச்சுவராகக் கட்டத்தான் பார்ப்பார், அதுதான் வேகமாக நடக்கும். ஓர் அட்டையில் பாத்திரத்தின் வளைவைச் சந்தோடு சேர்த்து வெட்டிக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு இல்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. புகைபோக்கி ஒரு பக்கம்தானே இருக்கிறது? தீயும் அந்தப் பக்கமாகவே இழுபட்டுப் போகும். பாத்திரத்தின் பாதி கொதித்துக்கொண்டிருக்க, மறுபாதி சும்மா இருக்கும். இதற்கு மருந்து, பாத்திரத்தைச் சரியாக நடுவில் வைக்காமல் புகைபோக்கிப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைப்பது. அந்தப் பக்கம் சந்து ஒன்றேகால் செ.மீ., எதிர்ப்பக்கம் இரண்டே முக்கால். வாயுவுக்கு அகலமான பக்கம் போக வழி கிடைக்கும், சுற்றிக்கொண்டு வரும். வளையத்துக்குச் சற்றுக் கீழே பாத்திரத்தைச் சுற்றி ஒரு சிறிய கால்வாய்போல் விட்டு, அதிலிருந்து புகைபோக்கிக்குத் திறந்தால் இன்னும் சீராக இருக்கும்.

புகைபோக்கியின் இழுவை என்பது மிகச் சிறிய விசை. 3 மீட்டர் உயரம், உள்ளே 200 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால் இழுவை சுமார் 12 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சாதாரணக் காற்று தரும் அழுத்தம் 14 பாஸ்கல் வரும். அதாவது, ஒரு நல்ல காற்று எதிரே அடித்தால் உங்கள் புகைபோக்கி தோற்றுவிடும். அதனால்தான் உச்சியில் தொப்பி வேண்டும், கூரைக்கு மேலே போதிய உயரம் வேண்டும். பல நாட்டுக் கட்டட விதிகளில் வரும் அளவு: கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 90 செ.மீ., 3 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 60 செ.மீ. உயரம். இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் மரம் இருந்தால், ஒற்றைத் தகடுக் குழாய் மரத்திலிருந்து 45 செ.மீ. விலகிப் போக வேண்டும். அடியில் ஒரு சிறு கதவு வையுங்கள், கரி வழித்தெடுக்க வேறு வழி கிடையாது. நடுவில் ஒரு திருகு தகடு இருந்தால் சமையல் முடியும் தறுவாயில் பாதி மூடிச் சூட்டை உள்ளே நிறுத்தலாம். தணல் உயிரோடு இருக்கும்போது முழுக்க மூட வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வெளியே வரும். அதற்கு வாசனை கிடையாது.

கலவை குழைப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, செங்கற்களைக் கலவை இல்லாமல் வெறுமனே அடுக்குங்கள். மூன்று தாங்கல், கம்பித் தட்டு, பாத்திரம், ஒரு தற்காலிகத் தகடுக் குழாய். பாத்திரத்தில் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றித் தீ மூட்டுங்கள். புகை எங்கே வருகிறது, கொதி எந்தப் பக்கம் முதலில் கிளம்புகிறது, கரண்டி போடும்போது தோள் எவ்வளவு தூக்க வேண்டியிருக்கிறது எல்லாம் அங்கேயே தெரியும். செங்கல்லை ஒரு விரல்கடை நகர்த்திவிட்டு மறுபடி பார்க்கலாம். விறகையும் நிறுத்து வையுங்கள். 20 லிட்டரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கச் சுமார் 6.3 மெகாஜூல் வெப்பம் தேவை. நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 16 மெகாஜூல் தரும். சூட்டில் நான்கில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனால் ஒன்றரைக் கிலோவில் கொதிக்க வேண்டும். மூன்று கிலோ தின்றால் சந்து அகலமாக இருக்கிறது, இல்லையென்றால் விறகு ஈரம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வராத விறகில் எந்த அடுப்பும் புகையும்.

எதில் கட்டுவது? தீ நேரடியாகப் படும் உள்சுவருக்குத் தீச்செங்கல், அதைத் தீக்களிமண் சாந்தில் 2, 3 மி.மீ. இணைப்பாக ஒட்ட வேண்டும். இணைப்பு தடித்தால் அங்கேதான் முதலில் உதிரும். வெளிச்சுவருக்குச் சாதாரணச் செங்கல்லும் வழக்கமான கலவையும் போதும். இரண்டுக்கும் நடுவே 4, 5 செ.மீ. இடைவெளி விட்டு அதில் வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் (சூட்டை எளிதில் கடத்தாத லேசான கனிமத் துகள்கள்) நிரப்புங்கள். இது செலவைக் கூட்டும் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். உள்சுவர் விரிய இடம் கிடைக்கும், வெளிச்சுவர் விரிசல் விடாது, சூடு சுவருக்குப் போகாமல் பாத்திரத்துக்குப் போகும். தடித்த சுவர் சூட்டைத் தேக்கி வைக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சூட்டை முதலில் நீங்கள் விறகாகக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க எரியும் அடுப்புக்கு அது கட்டுப்படியாகும், எப்போதாவது மூட்டும் அடுப்புக்கு ஆகாது. அழகுக்காக ஆற்றுக் கூழாங்கல் பதிப்பது வெளிப்பக்கம் மட்டும் இருக்கட்டும், எரியறைக்குப் பக்கத்தில் வேண்டாம். அதற்குள் தேங்கியிருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும்.

உயரத்துக்கு வருவோம். சாதாரணச் சமையல் மேடை 85 முதல் 90 செ.மீ. வரும். கொப்பரையின் விளிம்பை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அடியைக் கிளறத் தோளைத் தூக்கியே நிற்க வேண்டும், உள்ளே என்ன ஆகிறது என்றும் தெரியாது. விளிம்பு 70 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், ஆள் உயரத்துக்கு ஏற்ப ஐந்து கூட்டிக் குறைக்கலாம். பாத்திர ஆழம் 25, தீக்கு 22, ஆக கம்பித் தட்டு தரையிலிருந்து 23 செ.மீ. உயரத்தில் வரும், அதற்குக் கீழே சாம்பல் குழிக்கு இடம் தாராளம். அடுப்புப் பகுதி மேடையைவிட ஒரு படி தாழ்ந்து நிற்கும். வரைபடத்தில் அது கண்ணை உறுத்தலாம். கரண்டி பிடிக்கும் கைக்கு அதுதான் வசதி.

விறகு வாய் நீங்கள் நிற்கும் பக்கத்தில் வேண்டாம். முழங்கால் வெந்துபோகும், குனியும் ஒவ்வொரு தடவையும் ஆவியும் புகையும் முகத்தில்தான். வாயை அடுப்பின் ஓரப் பக்கத்துக்குத் திருப்புங்கள், அங்கே இன்னொருவர் உட்கார்ந்து தீ தள்ளலாம். உங்கள் இடத்தில் அதிகம் வீசும் காற்று எந்தத் திசையென்று சில வாரம் பார்த்து வைத்துக்கொண்டு, அது உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ வருமாறு நில்லுங்கள். காற்று நேராக அடுப்புவாய்க்குள் புகுந்தால் விறகு வேகமாக எரிந்து தீரும், தீயைக் கட்டுப்படுத்த முடியாது.

கிரானைட் பற்றிக் கேட்டீர்கள். மேடைக்குத் தாராளமாகப் போடலாம், அடுப்பைச் சுற்றி மட்டும் வேண்டாம். வட்ட ஓட்டை போட்ட ஒரே பலகையில் ஓட்டையின் ஓரம் சூடாகி விரியும், வெளி ஓரம் குளிர்ந்தே இருக்கும். மிகக் குறுகிய இடத்தில் கோடுபோல் விரிசல் ஓடும். அடுப்பின் மேல்பகுதி தனியாக இருக்கட்டும், அங்கே தீச்செங்கல் பரப்பின் மேல் இரும்புத் தகடு போதும். கிரானைட் அதிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டுத் தொடங்கட்டும். பாத்திரத்தின் இருபுறமும் குறைந்தது 60 செ.மீ. வெற்று மேடை வேண்டும், ஒரு பக்கம் 90 இருந்தால் நல்லது. மூடியை எங்கே வைப்பது என்பதையும் இப்போதே யோசியுங்கள். 50 செ.மீ. மூடி பெரிய பொருள், கொதிநீர் சொட்டிக்கொண்டிருக்கும். பின்சுவரில் ஒரு கொக்கி இருந்தால் மேடை முழுதும் மிச்சம்.

இவ்வளவு செங்கல்லும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். வீட்டுத் தரையின் நீட்சியில் கட்டாமல், ஜல்லி தட்டிக் கெட்டித்து 12 முதல் 15 செ.மீ. கம்பிக் கான்கிரீட் தளம் தனியாகப் போடுங்கள். தளத்துக்கு மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. சரிவு, வீட்டுக்கு எதிர்ப்புறமாக. வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், உங்கள் பகுதியின் கட்டட, தீயணைப்பு விதிகள் அதற்கும் கூடுதலாகக் கேட்கலாம். தலைக்கு மேல் மரக்கிளை கூடாது. விறகுக் குவியல் கையெட்டும் தூரத்தில் வேண்டாம், ஒரு வேளைக்கு உரியது மட்டும் அருகில். கூரைக்குத் தகடு, தாழ்வான பக்கமே இரண்டரை மீட்டருக்குக் குறையாமல். நான்கு பக்கமும் சுவர் எழுப்பும் ஆசை வரும், காற்றுக்கும் மழைக்கும் பயந்து. இரண்டு பக்கமாவது முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது புகை சூழ்ந்த அறைதான். வீட்டுக்குள் விறகு, கரி போன்றவற்றை எரிப்பதால் வரும் காற்று மாசு 2020இல் மட்டும் 32 லட்சம் உயிர்களைக் குடித்தது என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. வெளியே கட்டுவதன் பயனே அந்தப் புகையிலிருந்து தப்புவது, அதைச் சுவர் எழுப்பிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழாய், சிங்க், விளக்கு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழாயை அடுப்புக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள், நீள்குழாய் மாட்ட வசதியாக. கழிவுநீர் பாதையில் எண்ணெய் தேங்கும் தொட்டி ஒன்று அவசியம். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பாத்திரத்துக்குள் உங்கள் நிழல்தான் விழும், இரண்டு பக்கத்திலிருந்தும் வரட்டும்.

கேஸா விறகா? இரண்டையும் ஒரே எரியறையில் கலக்காதீர்கள். விறகுக்குக் கட்டிய அறைக்குள் பர்னரை இறக்கினால் சாம்பல் அதன் துளைகளை அடைக்கும், காற்று போதாமல் சுடர் மஞ்சளாகும். அவசரத்துக்கு வேண்டுமென்றால் மேடையில் தனியாக ஒரு பர்னர் வையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் கீழே தேங்கும். சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைப்பதாக இருந்தால் அதன் அடிமட்டத்தில் வெளிப்புறமாகத் துளைகள் கட்டாயம். சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்புள்ள பர்னராக எடுங்கள், திறந்தவெளியில் காற்று சுடரை ஊதி அணைப்பது சாதாரணமாக நடக்கும். நாற்பது பேருக்கான கொப்பரைக்கு, உங்களிடம் காய்ந்த விறகும் பொறுமையும் இருந்தால், நான் விறகைத்தான் சொல்வேன். அரைக்கோளத்தின் சுற்றுப்புறம் முழுவதையும் தழுவி ஏறும் சூடு சின்ன பர்னரில் கிடைக்காது.

கட்டி முடித்ததும் ஆசையில் பெரிய தீ போட்டுவிடாதீர்கள். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும், சுவருக்குள் இருக்கும் ஈரம் அப்படி விரிந்தால் இணைப்புகள் பிளக்கும். குறைந்தது ஒரு வாரம் நிழலில் உலரட்டும். பிறகு முதல் நாள் சுள்ளிகள் மட்டும், ஒரு மணி நேரம். அடுத்தடுத்த நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெளிச்சுவரில் ஈரத் திட்டுகள் தெரிவது நின்ற பிறகு முழுத் தீ போடலாம். இந்த நாள்களில் பாத்திரத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். சுவர் பக்குவமான பிறகு பாத்திரத்தை வெளியே எடுத்து, கழுவி, உலர்த்தி, உள்ளும் புறமும் எண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகையும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால் கறுத்த மினுமினுப்பு பிடிக்கும், அதன் பிறகு துரு சுலபத்தில் அண்டாது.

அடுப்பு சும்மா இருக்கும் காலத்தில் கொப்பரையை எண்ணெய் தடவி வீட்டுக்குள் வைத்துவிட்டு, வளையத்தின் மேல் ஒரு தகடு மூடி போட்டுவிடுங்கள். புகைபோக்கியின் தொப்பிக்கு அடியில் கம்பி வலை அடியுங்கள், பறவைகள் உள்ளே கூடு கட்டிவிடும். மறுபடி மூட்டும் அன்று முதலில் அந்த வலையைப் பார்த்துவிட்டு, சாம்பல் குழியைத் துடைத்துவிட்டு, சின்னத் தீயில் தொடங்குங்கள்.